ஏழு மைனஸ் இரண்டு எக்ஸ்

விடைக்குறிப்பில் இல்லாததைக் கடவுளே வந்து எழுதினாலும் தணிகாசலம் மார்க் போடமாட்டார் என்று பள்ளியில் கேலி பேசுவார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஆரோக்கியமேரி டீச்சரைத் தேடி வந்தார். கையில் ஒரு விடைத்தாள்.

“இதைப் பாருங்க டீச்சர்.”

2x + y = 7 என்பதை y = mx + c வடிவில் மாற்றி எழுதச் சொன்ன கேள்வி. செவ்வந்தி என்ற மாணவி y = 7 − 2x என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு இன்ட்டு.

“ஏன் தப்பு போட்டே?”

“விடைக்குறிப்புல y = −2x + 7ன்னு இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதானே சார்னு எழுந்து கேட்டா. உட்காருன்னு சொல்லிட்டேன்.”

டீச்சர் ஒரு வரைபடத்தாளை நீட்டினார். “ரெண்டையும் வரை.”

முதல் கோட்டை வரைந்தார். இரண்டாவதற்கு ஸ்கேலை வைத்ததும் கை நின்றுவிட்டது.

“வரைப்பா.”

வரைந்தார். அதே கோடு கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான்.

“இதுல நீ தப்பு போட்டது எந்தக் கோட்டுக்கு?”

தணிகாசலம் ஸ்கேலைக் கீழே வைத்தார். “அந்த ஒரு மார்க் போய் முப்பத்து நாலு ஆயிடுச்சு டீச்சர். வெறும் அரையாண்டுத் தேர்வு. பெயிலானவளுக்குப் படிப்பு எதுக்குன்னு அவங்கப்பா நூல் மில்லுல சேர்த்துட்டார். இப்ப மில் விடுதியில இருக்கா.”

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“நேத்து மார்க் பட்டியல்ல முப்பத்தஞ்சுன்னு திருத்தி, தலைமையாசிரியர்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டேன். அப்பவும் மனசு ஆறல.”

“செவ்வந்திகிட்ட சொன்னியா?”

“எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?”

டீச்சர் பென்சிலை எடுத்து அந்தத் தாளின் ஓரத்தில் 2x + y = 7 என்று எழுதினார். இடப்பக்கம் இருந்த 2x-ஐ மட்டும் அடித்துவிட்டு, கீழே y = 7 என்று எழுதினார்.

“சரியா இருக்கா?”

“இல்ல டீச்சர். ஒரு பக்கம் மட்டும் கழிச்சிருக்கீங்க. அந்தப் பக்கமும்…”

தணிகாசலம் பாதியில் நிறுத்திவிட்டார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மில் விடுதியில பார்க்க விடுவாங்க,” என்றார் டீச்சர். “விடைத்தாளை மறக்காம எடுத்துக்கோ.”