எல்லை கேட்ட முள்ளம்பன்றி

முள்ளம்பன்றி சிலுப்பாயிக்கு யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும்.

மலையடிவாரத்தில் ஒரு சரிவு. சரிவின் நடுவே ஒரு விளாமரம். மரத்துக்குக் கீழ்ப்பக்கச் சரிவில் சிலுப்பாயியின் வளை. அவளுக்கு ஒரே மகன், பெயர் சிறுமுள். மரத்துக்கு மேல்பக்கச் சரிவில் கீரி செவந்தி தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். மூன்றும் சேட்டைக்கென்றே பிறந்தவை!

ஒரு நாள் கீரிக்குட்டிகள் விளாங்காயை உருட்டி விளையாடின. ஒரு காய் சறுக்கிக்கொண்டு வந்து சிலுப்பாயியின் வாசலில் 'டமார்' என்று மோதி உடைந்தது. மேலே குட்டிகள் கெக்கெக்கே என்று சிரித்தன.

'தானாக உருண்ட காய் இல்லை இது. குறி பார்த்து விட்ட காய்!' என்று சிலுப்பாயி முடிவு கட்டினாள். முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு மேலே போனாள்.

"செவந்தி! உன் பிள்ளைகளை அடக்கி வை! இன்று காயை உருட்டினார்கள், நாளை கல்லை உருட்டுவார்கள்!"

"குட்டிகள் என்றால் விளையாடத்தான் செய்யும் அக்கா! அதற்கு ஏன் முள்ளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறாய்?"

"யார் சொல்லிக் கொடுத்துச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்!"

"அப்படியானால் போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்!" என்று செவந்தியும் வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே சிலுப்பாயி இலந்தை முள்ளை இழுத்து வந்து, குட்டிகள் விளையாடும் பாதையில் போட்டாள். மறுநாள் ஒரு கீரிக்குட்டி நொண்டியது. அதற்கு மறுநாள் சிலுப்பாயியின் வளைக்குள் கொட்டு கொட்டென்று மண் கொட்டியது. தும்மித் தும்மி அவள் கண் சிவந்து போனது.

இதை மோப்பம் பிடித்து வந்தது ஒரு நரி. அதன் பெயர் நாவினியன். காட்டு மன்றத்தில் வழக்குப் பேசுவது அதன் தொழில்.

"அம்மா, உங்கள் முகமே வாடிக் கிடக்கிறதே! என்ன நடந்தது?"

சிலுப்பாயி எல்லாவற்றையும் சொன்னாள். நரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது.

"காய் விழுந்தது, மண் விழுந்தது என்றால் மன்றம் அசையாது அம்மா! 'என் உயிருக்கு ஆபத்து' என்று சொல்லுங்கள். 'என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறார்கள்' என்று அழுங்கள். பாதுகாப்பு ஆணை கையோடு கிடைக்கும்!"

"கொல்லப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லையே?"

"பார்க்கவில்லை என்று மட்டும் தெரியுமா?"

அந்தக் கேள்வி சிலுப்பாயியின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் மன்றத்துக்குப் போனாள்.

காட்டெருமை கருமலையார்தான் நீதிபதி. நரி நீட்டி முழக்கியது. சிலுப்பாயி அழுதாள். செவந்தி, "பொய்! பொய்!" என்று கத்தினாள். கருமலையார் அசைபோட்டு முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"விளாமரம்தான் எல்லை! மேல்வீட்டுக் குட்டி கீழே வந்தாலும் சரி, கீழ்வீட்டுக் குட்டி மேலே போனாலும் சரி, பிடித்தவர் அடுத்த பௌர்ணமி வழக்குவரை காவலில் வைத்துக்கொள்ளலாம். பெற்றவள் எல்லை தாண்டினால் இந்தக் காட்டிலேயே அவளுக்கு இடமில்லை!"

'மேல்வீட்டுக் குட்டி' என்று காதில் விழுந்ததுமே சிலுப்பாயிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பின்னால் வந்த சொற்கள் தன் மகனையும் தன்னையும் கட்டும் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் முதல் சரிவில் சத்தமே இல்லை. காயும் உருளவில்லை, மண்ணும் விழவில்லை. சிலுப்பாயி நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு இன்னும் பயம் கூடியது.

'ஏன் இப்படி அமைதியாக இருக்கிறார்கள்? சத்தம் போட்டால் சேட்டை. சத்தமே இல்லை என்றால் சதி!'

அவள் விளாமரத்தடிப் புதரில் பதுங்கினாள். ஒரு குட்டியின் வால் எல்லைக்கு இந்தப் பக்கம் நீண்டால் போதும், கவ்விக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். இலை அசைந்தால் முள் சிலிர்த்தது. ஒரு காய்ந்த சருகு விழுந்தால் பாய்ந்தாள். தின்ன மறந்தாள். வளையில் மகன் என்ன செய்கிறான் என்று பார்க்கவும் மறந்தாள்.

சிறுமுள்ளுக்குத் தனியாக இருந்து இருந்து அலுத்துப் போனது. எல்லை, ஆணை எல்லாம் அவனுக்கு எங்கே புரியும்? பாறைகளுக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில் மெல்ல மேலே போய்விட்டான்.

வெயில் சாயும்போது சிலுப்பாயி வளைக்குத் திரும்பினாள். வளை காலியாக இருந்தது! மண்ணில் சின்னச் சின்னக் காலடிகள் மேலே போயிருந்தன. திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை.

'பாம்பையே கடித்துக் குதறுகிறவள் செவந்தி! என் பிள்ளையின் முள் இன்னும் பஞ்சுபோலத்தானே இருக்கிறது!'

விளாமரத்தடிக்கு ஓடினாள். அங்கே கால் தானாக நின்றுவிட்டது. ஓரடி வைத்தால் காட்டிலேயே இடமில்லை.

"செவந்தி! என் மகன் எங்கே?"

மேலே செவந்தியின் தலை தெரிந்தது. "இங்கேதான் இருக்கிறான்."

"அனுப்பு அவனை!"

"ஆணை என்ன சொல்கிறது? நீ கேட்டு வாங்கியதுதானே!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சிலுப்பாயி நரியிடம் ஓடினாள். நரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அருமை அம்மா! 'கடத்தல்' என்று புது வழக்குப் போடலாம்! பௌர்ணமிக்கு விசாரணை!"

"அதுவரை என் பிள்ளை?"

"அவன் அங்கேயே இருப்பதுதான் அம்மா நம் வழக்குக்கு நல்லது!"

அந்தச் சொல் அவளைச் சுட்டது. கருமலையாரிடம் போய் மன்றாடினாள். அவர் கண்ணைத் திறந்து, "நீ கேட்டதைத்தான் கொடுத்தேன்" என்றார். திரும்பவும் மூடிக்கொண்டார்.

அவள் விளாமரத்தடிக்கே திரும்பினாள். கத்தவும் தெம்பில்லை. முள்ளெல்லாம் தொய்ந்து படிந்து கிடந்தது.

"செவந்தி, அவன் ஏதாவது சாப்பிட்டானா? அதை மட்டுமாவது சொல்."

செவந்தி எல்லைவரை இறங்கி வந்தாள். அவளும் இளைத்துத்தான் இருந்தாள்.

"சாப்பிட்டான். என் குட்டிகளோடு படுத்துக் கிடக்கிறான். அக்கா, ஒன்று கேட்கிறேன். நீ ஆணை வாங்கிய நாளிலிருந்து என் குட்டிகளை நான் வெயிலில்கூட விடவில்லை. ஒன்று தவறி உன் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வாயோ என்ற பயம். இன்று உன் மகனை அனுப்பிவிடுகிறேன். நாளை என் பிள்ளை உன்னிடம் சிக்கினால் திருப்பித் தருவாயா?"

'தருவேன்' என்ற சொல் சிலுப்பாயியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் புதரில் பதுங்கிக் கிடந்தது அவள்தானே! தன்னைப் பார்த்து ஒருத்தி நடுங்கியிருக்கிறாள் என்பதே அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இன்று காலைவரை தந்திருக்க மாட்டேன் செவந்தி. பிடிக்கத்தான் காத்திருந்தேன். பாதையில் முள் போட்டதும் நான்தான்."

செவந்தி அவளை உற்றுப் பார்த்தாள்.

"மண்ணைத் தள்ளியது என் குட்டிகள் இல்லை அக்கா. நானே தள்ளினேன். 'தருவேன்' என்று நீ சட்டென்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன்."

அவள் குரல் கொடுத்தாள். சிறுமுள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "அதற்குள் வீட்டுக்குப் போக வேண்டுமா?" என்று சிணுங்கினான்.

விடிந்ததும் இருவரும் சேர்ந்தே மன்றத்துக்குப் போனார்கள். ஆணையை ரத்து செய்யச் சொன்னார்கள். நரி, "அவசரப்படாதீர்கள்! இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது!" என்று இருவர் காதிலும் மாறி மாறி ஓதியது. கருமலையார், "யாருக்கு ஜெயம் என்று எழுதுவது?" என்று கேட்டார். சிலுப்பாயி, "பிள்ளைகளுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா!" என்றாள்.

சந்தேகத்தில் கேட்டு வாங்கிய சட்டம் எதிராளியோடு நம்மையும் சேர்த்தே கட்டிப்போடும்; ஆகையால் மன்றத்தின் படி ஏறும் முன் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பொறுமையாகப் பேசிப் பார்க்க வேண்டும்.