மேலாநெல்லி வாங்கிய துடுப்படி

அந்தக் காலத்தில், மரம் மட்டையெல்லாம் மனுசரோடு சரிக்குச் சரி வாயடித்துக்கொண்டிருந்த காலத்தில், கீழாநெல்லிக்குப் பெயர் மேலாநெல்லி. பனை உயரத்துக்கு நின்ற மரம் அது. காய்களை இலைக்கு மேலே, ஊரே அண்ணாந்து பார்க்கும்படி தூக்கி வைத்திருக்கும். நம்பாதவர்கள் பக்கத்துப் பனையிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அது நின்ற செம்மணல் தேரிக்காட்டில் தங்கக்கனி ஓலைக் குடிசை போட்டுக் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். புருஷன் பலவேசம் பனையேறி. மேலே ஏறினால் வெயில், கீழே இறங்கினால் அடுப்பு. உடம்புச் சூடு ஏறி ஏறிக் கடைசியில் ஈரலைப் பிடித்துவிட்டது. கண் மஞ்சள், நகம் மஞ்சள், படுத்த பாயும் மஞ்சள். சோற்று வாடை பட்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அன்று காலையில் தண்ணீரும் இறங்கவில்லை.

மேலாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பனை உயரத்தில் இருக்கிற இலையை யார் பறிப்பது? ஏறத் தெரிந்தவன்தான் பாயில் கிடக்கிறானே. மரமாகப் பார்த்து இரண்டு கொப்பை உதிர்த்தால்தான் உண்டு.

அடுப்பில் பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. கிண்டாமல் விட்டால் தீய்ந்துவிடும். தங்கக்கனி ஒரு சுற்றுக் கிண்டிவிட்டு, கையிலிருந்த துடுப்பைக்கூடக் கீழே வைக்காமல் மரத்தடிக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்குக் காமாலை முத்திப்போச்சு. ரெண்டு கொப்பு உதுத்துப் போடுங்க.”

“போடலாம் தாயி,” என்றது மரம். “மொதல்ல என் காயைப் பாத்தியா?”

“பாத்தேன் அண்ணாச்சி. நல்லா இருக்கு.”

“நல்லா இருக்குன்னா? கத்திரிக்காயையும் அப்படித்தான் சொல்லுவாக.”

கிளையில் உட்கார்ந்திருந்த ஓணான், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. அதற்கு அந்த மரத்தில் அதுதான் வேலை.

தங்கக்கனி பல்லைக் கடித்துக்கொண்டாள். “முத்து மாதிரி இருக்கு.”

“எந்த ஊர் முத்து?”

“கொற்கை முத்து.”

“நேத்து வந்த காக்கா, ராசா முடியில பதிச்ச முத்துன்னுச்சே. உனக்கு அந்த அளவுக்குச் சொல்ல வரலியே.”

குடிசைப் பக்கமிருந்து பாகு அடிப்பிடிக்கிற வாடை கிளம்பி வந்தது. உள்ளே பலவேசம் ஓங்கரிக்கிற சத்தமும் கேட்டது. தங்கக்கனியின் காதுமடல் சுட்டது.

“அங்க உசுரு போகுது. இலையைப் போடுதீயளா, இல்லியா?”

“கோவப்படாத தாயி,” என்றது மரம், வைத்தியர் மாதிரிக் குரலை இறக்கி. “கோவம் பித்தத்தைக் கெளப்பும். பித்தம் ஈரலைக் கெடுக்கும். நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி, நுங்கு சாப்பிடு, மனசைக் குளிர்ச்சியா வச்சுக்கோ. அப்புறமா வந்து நிதானமாப் புகழ்ந்து பாடு. இப்ப சொன்னது எனக்குச் சரியாவே கேக்கல.”

“கேக்கலியா? குனிஞ்சு காதைக் கொடுங்க. பக்கத்துல சொல்லுதேன்.”

புகழைக் கேட்கிற ஆசையில் மரம் வளைந்து, உச்சித் தலையைத் தரைவரைக்கும் கொண்டுவந்தது.

தங்கக்கனி துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கி அந்தத் தலையிலேயே போட்டாள்.

“உன் காய் யாருக்குலே வேணும்? இலையைக் கேட்டா காயைக் காட்டுத. ஆள் சாகக் கிடக்கான், உனக்குப் பாட்டு வேணுமோ?”

ஒவ்வோர் அடிக்கும் மரம் ஆப்பு இறங்குகிற மாதிரி மண்ணுக்குள் இறங்கியது. பனை உயரம் பந்தக்கால் உயரமாகி, ஆட்டுக்குட்டி உயரமாகி, கடைசியில் ஒரு சாணில் வந்து நின்றது. மேலே மினுக்கிக்கொண்டிருந்த காய்களெல்லாம் அடுத்த அடிக்குப் பயந்து இலைக்கு அடியில் போய் வரிசையாக ஒட்டிக்கொண்டன. ஓணான் தலையாட்டிக்கொண்டே வேலிக்கு ஓடியது.

“இனிமே உன்னை எவளும் அண்ணாந்து பாத்துக் கெஞ்சக் கூடாது. வாசல்லயும் வரப்புலயும் நீயாவே வந்து மொளைச்சுக் கிட,” என்று சொல்லி ஒரு கொத்தை வேரோடு பிடுங்கினாள்.

அம்மியில் வைத்து அரைத்த அரையில் குழவி கதறியது. மோரில் கலக்கிப் பலவேசத்தின் வாயில் வைத்தாள். ஒரு மிடறு இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. சற்று நேரம் கழித்து அவன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினான்.

“ஏளா, மோர்ல உப்பு இல்லியே.”

கோபத்தில் உப்புப் போட மறந்திருந்தாள். அதை ஒப்புக்கொள்வாளா?

“மருந்துக்கு எதுக்கு உப்பு? குடியும்.”

“பாகு தீயுத வாடை அடிக்கே. கவனிக்கலியா?”

தங்கக்கனி அவனைப் பார்த்த பார்வையில், மிச்ச மோரை அவன் மூச்சு விடாமல் குடித்து முடித்தான். மறுவாரம் பனை ஏறினான்.

அன்று முதல்தான் காமாலைக்காரனுக்கு உப்பில்லாத மோரில் அதை அரைத்துக் கொடுக்கிறோம். கீழாநெல்லியும் அன்று முதல்தான், யாரும் விதைக்காமல் தானாகவே நம் கால்மாட்டில் வந்து முளைக்கிறது. இலையைப் புரட்டிப் பாருங்கள், காய்கள் இன்னும் அடியில்தான் ஒளிந்திருக்கும். தங்கக்கனி துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள் என்று இதுவரை யாரும் அவற்றிடம் போய்ச் சொல்லவில்லை.