ஸ்தாபகர் பக்கத்தில் ஓர் ஆணி

சாமியார் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவரான அன்றே, தைரியநாதன் பள்ளியைப் பெருக்கும் மிக்கேலம்மாளைக் கூப்பிட்டார்.

"நாளைக் காலைக்குள்ள என் படம் மண்டபத்துல ஸ்தாபகர் சாமியார் படத்துக்குப் பக்கத்துல தொங்கணும். அவருக்கு நடக்கிற மரியாதை அத்தனையும் எனக்கும் நடக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு இங்க வேலை இல்ல. படிக்கிற காலத்துல நான் ஒருநாள்கூடக் காலைச் செபத்துக்குப் பிந்தி வந்ததில்ல, தெரியுமா?"

"அப்ப ஐயாவுக்கு எல்லாம் தெரியும்," என்றாள் மிக்கேலம்மாள்.

மறுநாள் தைரியநாதன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் தொங்கியது. மாலை இருந்தது. மெழுகுவத்தி எரிந்தது. மணி அடித்ததும் எண்ணூறு பிள்ளைகள் எழுந்து, மிக்கேலம்மாள் அவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தபடியே செபித்தார்கள்.

"மரித்த எங்கள் ஸ்தாபகருக்கும், மரித்த தைரியநாதனுக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே!"

தைரியநாதன் துள்ளி எழுந்தார். "நான் உயிரோடதானே இருக்கேன்!"

"அறுபது வருஷமா தினமும் இந்தச் செபந்தான் ஐயா. ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே," என்றாள் மிக்கேலம்மாள்.

அவர் படத்தைத் தானே கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

"அந்த ஆணியையும் பிடுங்கிடு மிக்கேலம்மா," என்றார் தலைமையாசிரியரான பாதிரியார்.

"இருக்கட்டும் ஃபாதர். எப்படியும் ஒருநாள் வேணும்ல."