பட்டத்து யானைக்குப் பதில்

செங்குளக்கோட்டை ராஜா கோதண்டவர்மருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. ஏரி நடுவே நூறு தூண்கள் வைத்து மரமண்டபம் கட்ட வேண்டும். ராஜாவுக்கு ஆசை வந்தால் அதற்கு வழி காட்டப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருப்பார். இங்கே அவர் பிரதானி அனந்தப்பர்.

"ஏரிக்கரையில் மருத மரங்கள் நிற்கின்றன, மகாராஜா. ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் சேர்ந்துதான் கட்டிப்பிடிக்க முடியும். எண்ணிப் பார்த்துவிட்டேன். சரியாக நூறு."

அரச உத்தரவுகளை ஓலையில் எழுதும் சேந்தன் எழுத்தாணியைக் கீழே வைத்தார். ஊர் வயல்கள் எல்லாம் அந்தக் கரைக்குக் கீழேதான் இருந்தன. சேந்தனின் வீடும் அங்கேதான் இருந்தது.

"மகாராஜா, அந்தக் கரையை மருத வேர்கள்தான் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. மரத்தை வெட்டினால் வருகிற ஐப்பசியில் ஏரி ஊருக்குள் வந்துவிடும்."

"வெட்டின இடத்தில் எல்லாம் ஒரு செடி நட்டுவிடுவோம் ஐயா" என்றார் பிரதானி. "நூறு எடுக்கிறோம், நூறு வைக்கிறோம். இதில் என்ன குறைந்துபோயிற்று?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "கேட்டாயா சேந்தா? ஒன்றும் குறையவில்லை."

சேந்தன் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியானால் உத்தரவாகவே எழுதிவிடுகிறேன். மருத மரம் என்று மட்டும் எழுதவா, உயிருள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதவா? இன்றைக்கு மருதம், நாளைக்குத் தேக்கு, மறுநாள் மான் என்று ஆளனுப்புவீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஓலை என்றால் என் கை தாங்காது."

"எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதும்" என்றார் பிரதானி. "இன்னொரு வரியும் போடும். இதில் குறை சொல்கிறவன் அன்றைக்கே நாட்டை விட்டு வெளியேற வேண்டும்." யாரை நினைத்துச் சொன்னார் என்பது சபைக்கே தெரிந்தது.

சேந்தன் ஒரு பிழையில்லாமல் எழுதினார். ராஜா முத்திரை வைத்தார்.

"மரம் இழுக்க யானை வேண்டுமே" என்றார் சேந்தன்.

"எந்த யானை வேண்டுமோ ஓட்டிக்கொண்டு போம்" என்றார் பிரதானி. அவர் மனசு மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் ராஜாவின் பிறந்த நட்சத்திரம். மறுநாள் மரம் வெட்டு.

பிறந்த நட்சத்திரத்தன்று அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கல்மேடை. ராஜா படியேறி மேடையில் நிற்பார். பட்டத்து யானை வந்து ஒட்டி நிற்கும். அப்படியே அதன் முதுகில் ஏறி ஊர்வலம் போக வேண்டும். ஏறின படி வழியே இறங்கினால் அந்த வருஷம் ராஜ்யத்துக்கு ஆகாது.

கோதண்டவர்மர் கிரீடமும் பட்டும் மின்ன மேடையில் ஏறி நின்றார். மேளம் முழங்கியது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

முகபடாம் தரையில் புரள, ஒரு குட்டி யானை வந்தது.

முகபடாம் பெரிய யானையின் அளவில் தைத்தது. அதற்குள்ளிருந்து தும்பிக்கை மட்டும் வெளியே வந்து எதையோ தேடியது. அகப்பட்டது பிரதானியின் அங்கவஸ்திரம். குட்டி அதை வாயில் வைத்துக்கொண்டது.

ராஜா குனிந்து பார்த்தார். காலுக்கும் குட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.

"இது என்ன கண்றாவி?" என்று கத்தினார் பிரதானி. "பட்டத்து யானை எங்கே? இந்தப் பொடியை எவன் கொண்டுவந்து நிறுத்தினான்?"

சேந்தன் முன்னால் வந்து ஓலையை விரித்தார். "'அரசுக்குரிய எந்த உயிரை எடுத்தாலும், அந்த இடத்தில் அதே இனத்தில் ஒன்றை வைத்துவிட்டால் குறைவில்லை.' மரம் இழுக்கப் பட்டத்து யானையை எடுத்தேன். இதை வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று."

ராஜா வாயைத் திறந்தார்.

"மகாராஜா, கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்றார் சேந்தன்.

ராஜா வாயை மூடிக்கொண்டார். பிறகு, குறை சொல்லாத குரலில் கேட்டார்: "இது எப்போது மேடை உயரத்துக்கு வளரும்?"

"இருபத்தைந்து வருஷம் என்கிறான் பாகன். அதுவரை தாங்கள் மேலேயே நிற்கலாம், சாப்பாடு ஏணியில் வரும். ஊர்தான் பாவம். மருதச் செடி பெருத்துக் கரையைப் பிடிக்க இன்னும் நாளாகும். மழை அதற்காகக் காத்திருக்காது."

ராஜா ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"வெட்டு வேண்டாம். ஓலையைக் கிழித்துப் போடு. என் யானை எங்கே?"

"மருத மர நிழலில்தான் கட்டியிருக்கிறேன். அரை நாழிகையில் வந்துவிடும். கிழிப்பதற்கு முன் ஒரு சங்கதி பாக்கி, மகாராஜா. பிரதானியார் ஊரறியக் குறை சொல்லிவிட்டார். அவர் இன்றைக்கே நாட்டை விட்டுப் போயாக வேண்டும்."

பிரதானிக்கு முகம் வெளுத்தது. ராஜா திகைத்தார். "அவர் போய்விட்டால் ராஜ்யத்தை யார் பார்ப்பது?"

"கவலை எதற்கு? அவர் பேரன் பிறந்து நாலு மாதம் ஆகிறது. அதே இனம்தான். தொட்டிலோடு தூக்கிவந்து சபையில் வைத்துவிடுவோம். ஒன்றும் குறையாது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் குட்டி யானையின் முன்னால் விழுந்தது. அதைத் திருப்பி வாங்க இரண்டு கட்டுக் கரும்பு செலவாயிற்று.