இடிக்குரலாரை நோக்கி ஓடி வந்த கூட்டம்

இணையத்தில் ஒரு பாட்டு ஓடிவிட்டால் சிலருக்குக் கால் தரையில் பாவாது. பாடகர் இடிக்குரல் இன்பராஜும் அப்படித்தான். தன் பாட்டுக்கு வீடியோ எடுக்க வந்த அமலியிடம், “ஆயிரம் பேர் என்னை நோக்கி ஓடி வரணும்மா. ஆள் கூலியெல்லாம் கிடையாது. முடியலைன்னா வீடியோவில உன் பேர் வராது” என்றார்.

அந்தப் பேரைப் பார்த்துத்தான் அடுத்த பாடகர் அமலியைக் கூப்பிட வேண்டும். “வருவாங்க சார்” என்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரைத் திருநெல்வேலி பஸ் நிலையத்தில் நிறுத்தினாள். கறுப்புக் கண்ணாடியோடு அவர் கைகளை விரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றது. ஆயிரம் பேரும் ஓடி வந்தார்கள்.

“வழியில என்னவே, நட்டு வச்ச கம்பம் மாதிரி? தள்ளும்!” என்று ஒருவர் இடிக்க, இடிக்குரலார் பஸ்ஸுக்குள் போய் விழுந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

உள்ளிருந்தே போனில் கத்தினார். “என்னம்மா இது?”

“ஓடி வரணும்னுதானே சொன்னீங்க சார், வந்து நிக்கணும்னு சொல்லலையே. வீடியோவை நீங்க கை விரிச்சதோட வெட்டிடவா, கண்டக்டர் விசில் வரைக்கும் போட்டுடவா?”

பாட்டு வெளியானது. இடிக்குரலார் கை விரிக்கும் இடத்தில், அவர் மார்பையே மறைக்கும் எழுத்தில் வந்தது: ‘இயக்கம், அமலி.’