வெண்ணெய்

"நன்றி சொல்ற மாதிரி ஒரு ஸ்கோன் செய்யணும், டீச்சர். கத்துக் கொடுப்பீங்களா?"

ஞானசிகாமணி வாசலிலேயே நின்று கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஹெப்சிபாவுக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. கோத்தகிரியில் வீட்டிலேயே பேக்கிங் சொல்லிக் கொடுப்பவள்.

"யாருக்கு நன்றி, சார்?"

"என் தம்பி கனகராஜுக்கு. போன வருஷம் அவன் கிட்னி ஒண்ணை எனக்குக் கொடுத்தான்."

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் பட்டினி. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவன் சொன்னான், 'அண்ணே, இப்போ சூடா ஒரு ஃப்ரூட் ஸ்கோன் கிடைச்சா எப்படி இருக்கும்!' அவன் கேட்டது அது ஒண்ணுதான்."

"செஞ்சு பார்த்தீங்களா?"

கையிலிருந்த டப்பாவை நீட்டினார். ஹெப்சிபா ஒன்றை எடுத்துக் கடித்தாள். பன்போல மெத்தென்று இருக்க வேண்டியதில் பல் இறங்கவில்லை. மேஜையிலிருந்த டீயில் முக்கி முழுவதையும் தின்றாள்.

"தம்பி என்ன சொன்னார்?"

"இதையா அவனுக்குக் கொடுப்பேன்? செய்யிறதெல்லாம் கோழிக்குத்தான் போகுது."

"தம்பி வீடு எங்கே?"

"எங்க வீட்டுக்குக் கீழ்வீடுதான்."

ஹெப்சிபா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவர் வீட்டுச் சமையலறையில் அவள் எதையும் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள்.

மாவில் வெண்ணெயை உதிர்த்தார். உலர் திராட்சை போட்டார். பால் ஊற்றினார். பிறகு சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசையத் தொடங்கினார்.

"போதும்."

"இன்னும் சேரலையே, டீச்சர்."

"போதும், சார்."

அவர் நிறுத்தவில்லை. அவள் எழுந்து வந்து, அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துப் பாத்திரத்துக்கு வெளியே எடுத்து வைத்தாள்.

"கையில ஒட்டுது. கரடுமுரடா இருக்கு."

"இருக்கட்டும். அழுத்திப் பிசைஞ்சா கல்லாயிடும்."

டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டி ஓவனில் வைத்தார். வீடெல்லாம் வாசனை வந்தது. ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியிருந்தது. இன்னொன்று வெடித்து, திராட்சை வெளியே வந்து கருகியிருந்தது.

அவர் முகம் வாடிவிட்டது.

"நாளைக்கு இன்னொரு தடவை செய்யிறேன். அவன் கொடுத்ததுக்கு முன்னால இதை எப்படி வைக்கிறது?"

ஹெப்சிபா சாய்ந்ததையும் வெடித்ததையும் ஒரு தட்டில் வைத்தாள். தட்டை அவர் கையில் கொடுத்தாள். வாசல் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"டீச்சர்…"

"ஆறிடும், சார்."

கனகராஜ் முற்றத்தில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணன் இறங்கி வருவதைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

"அட! ஒரு வருஷமா வாசனை மட்டும்தான் வந்துச்சு. கோழிக்குப் போட்டதுல மிச்சமா?"

"இல்லடா. உனக்குத்தான்."

கனகராஜ் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வெடித்ததை எடுத்துக் கடித்தான். தூள் மீசையிலெல்லாம் ஒட்டியது.

ஞானசிகாமணி ஒரு வருடமாக மனசுக்குள் எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருந்த வார்த்தைகளைத் திரட்டினார்.

"தம்பி… நீ எனக்கு…"

கனகராஜ் வாய் நிறைய வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"என்னடா?"

அவன் விழுங்கிவிட்டுத் திரும்பச் சொன்னான்.

ஞானசிகாமணி தட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டுப் படியில் ஓடி ஏறினார்.

ஹெப்சிபா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா, சார்?"

அவர் அலமாரியைத் திறந்து துழாவினார். கண்ணில் நீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"தடவிக்க வெண்ணெய் கேட்கிறான், டீச்சர்!"