முதலில் வந்தவர் முதலாளி

ஓட்டங்குளத்தில் அருணகிரியின் கோலி சோடா கம்பெனியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மாசிலாமணி, இருளப்பன், கொண்டல். ஓட்டங்குளத்துக்காரர்களுக்கே புத்தி கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அபாண்டம். புத்தி இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மாசிலாமணி பாட்டில் கழுவுகிற இடத்துக்கு நேர்மேலே கூரைத் தகரத்தில் ஓட்டை. மழை பெய்தால் தண்ணீர் அவர் உச்சந்தலையில்தான் இறங்கும். தும்மிக்கொண்டே கழுவுவார். கூரையை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்கப் பயம்.

அந்தச் சமயத்தில் சந்தைத் திடலில் ஒரு கூட்டம் நடந்தது. பேச்சாளர் மைக்கைப் பிடித்து முழங்கினார். “தோழர்களே! முதலாளி உங்கள் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான்!”

மாசிலாமணி மெல்லத் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

“இருக்காரா?” என்று கேட்டார் இருளப்பன்.

“இப்ப இல்ல. சாப்பிடப் போயிருப்பாரு.”

“சங்கம் வையுங்கள்! ஒன்றாக நில்லுங்கள்! பிரிந்தால் அழிந்தீர்கள்!” என்றார் பேச்சாளர்.

மூவருக்கும் குலை நடுங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே துண்டுகளை முடிந்து, இடுப்போடு இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். சங்கம் பிறந்தது. நடுவில் நின்ற மாசிலாமணி தலைவரானார்.

அவர் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி பூங்கோதை மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதென்ன கூத்து?”

“சங்கம். பிரிஞ்சா செத்துருவோமாம். மூணு தட்டு வை.”

சாப்பிடும்போது தத்துவ விவாதம் நடந்தது. “சோசலிசம்னா எல்லாருடையதும் எல்லாருக்கும்” என்று விளக்கி, இருளப்பன் மாசிலாமணியின் அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

“அப்ப உன் அப்பளம்?”

“அதை முன்னாடியே தின்னுட்டேன். அது முதலாளித்துவம்.”

கொண்டல் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “முதலாளின்னா என்ன? முதல் ஆளு. கம்பெனிக்கு யாரு முதல்ல வர்றாரோ அவரு முதலாளி. நாம தினமும் அவருக்குப் பின்னாடி போறோம். அதான் தொழிலாளியாவே கிடக்கோம்.”

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருந்தால் எப்போதோ முன்னேறியிருக்கலாம்!

மறுநாள் விடிந்ததுமே மூவரும் கட்டியது கட்டியபடி கம்பெனி வாசலில் நின்றார்கள். அருணகிரி சைக்கிளில் வந்து இறங்கினார்.

“நாங்க முதல்ல வந்துட்டோங்க. நீங்க நாலாவது ஆளு” என்றார் மாசிலாமணி, பணிவாக.

அருணகிரியும் ஓட்டங்குளத்துக்காரர்தான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. சாவியை நீட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாட்டில் கழுவப் போனார்.

முதலாளிகளுக்குச் சங்கம் எதற்கு என்று மூவரும் துண்டை அவிழ்த்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில் மூவரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிக்கு அதில் சம்மதமில்லை. மிச்ச நேரம் தரையில் உட்கார்ந்து நிர்வாகம் செய்தார்கள்.

மதியம் மழை பிடித்தது. அருணகிரி சொட்டச் சொட்ட வந்து நின்றார். “மொதலாளிகளே, கூரையில ஓட்டை. தலையில ஊத்துது.”

மாசிலாமணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தத் தும்மல் அவருக்குத் தெரியாததா? ஆனால் கொண்டல் காதில் கிசுகிசுத்தார். “கேட்டதும் குடுத்துட்டா நம்மள யாரு முதலாளின்னு நம்புவா?”

“முடியாது” என்றார் மாசிலாமணி.

“அப்ப நான் சங்கம் வைக்கிறேன்” என்று அருணகிரி துண்டை எடுத்துத் தன்னைத் தானே கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனியின் அத்தனை தொழிலாளர்களும் வேலைநிறுத்தம்.

விடிந்தால் கோயில் கொடைத் திருவிழா. சோடா போயே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் முதலாளிகளே கழுவ இறங்கினார்கள். மாசிலாமணியின் உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது.

“கழுவுறவன் தொழிலாளி. நாம கழுவுறோம். அப்ப நாமளும் வேலைநிறுத்தத்துல இல்ல இருக்கணும்?” என்று திடுக்கிட்டார் இருளப்பன். மூவரும் பாட்டிலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள்.

நாலு பேரும் தொண்டை வறளக் கோஷம் போட்டார்கள். உள்ளிருந்து பதிலே இல்லை.

“உள்ள ஒரு முதலாளி இருந்தாத்தான் பேச்சுவார்த்தை நடக்கும்” என்றார் அனுபவஸ்தரான அருணகிரி. மாசிலாமணியையே முதலாளியாக இருக்கும்படி உள்ளே அனுப்பினார்கள். சங்கத் தலைவரும் அவர்தான் என்பதால் கோரிக்கையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு போனவர் வெகுநேரம் கழித்து முகம் சிவந்து வெளியே வந்தார்.

“என்ன சொல்றாரு?”

“முடியாதாம். கெஞ்சிக்கூடப் பார்த்தேன். ஈவு இரக்கமே இல்லாத பய.”

“மாசிலாமணி ஒழிக!” என்று குரல் கொடுத்தார் கொண்டல். மற்றவர்களைவிட மாசிலாமணிதான் உரக்கக் கத்தினார்.

பொழுது சாயும்போது குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். “பூங்கோதை, அந்த மாசிலாமணிப் பய வந்தா கதவைத் திறக்காதே.”

“அப்ப நீங்க யாரு?”

மாசிலாமணி அவளை இரக்கத்தோடு பார்த்தார். அரசியல் தெரியாதவள். விறகுக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் மறைவாகக் குந்தினார்.

“சோறு ஆறுது, உள்ள வாங்க” என்றாள் பூங்கோதை.

“சத்தம் போடாதே” என்றார் அவர். “சாப்பிட அவன் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்!”